பக்கத்து வீட்டுக் குடங்கள்

வீடு பார்க்கப் போகும் இடத்தில், உங்களைக் கண்டதும் முதல் வேலையாக வீட்டுக்காரர் குழாயைத் திறந்து காட்டினால், அந்த வீட்டில் தண்ணீர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உள்ள வீட்டில் யாரும் அதைக் காட்டுவதில்லை. கூரை இருக்கிறது பாருங்கள் என்று யாராவது காட்டுகிறார்களா?

தம்பிகளே, இப்போது இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் இரண்டொரு தங்கச்சிகளே, வீட்டுத் தரகைப் பற்றி நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். நான் போடியில் தரகு பார்த்தே தலை நரைத்தவன். முழங்கால் மறுத்த பிறகு விட்டேன். மனசாட்சி உறுத்தி விட்டுவிட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, முழங்கால்தான். நீங்கள் வீட்டைச் செல்போனில் படம் எடுத்து, பின்னால் ஒரு பாட்டையும் ஓட விட்டு ஆட்களுக்கு அனுப்புவதை நானும் பார்க்கிறேன். படம் நன்றாகத்தான் இருக்கிறது. மலை தெரிகிறது, மாடி தெரிகிறது, மாடியில் வைத்த ரோஜாத் தொட்டி தெரிகிறது. அந்தத் தொட்டிக்கு ஊற்றிய தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் இதுவரை எந்தப் படத்திலும் தெரியவில்லை.

பட்டா, வில்லங்கம், அளவு இதெல்லாம் பார்க்க உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கக் கூடாது. நான் தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதுவும் ஒரே ஒரு வீட்டை வைத்து.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவர் கேட்டால் சொல்வது, கேட்காவிட்டால் வெற்றிலையை மென்றுகொண்டிருப்பது. பொய் சொன்ன பாவமும் இல்லை, உண்மை சொன்ன நட்டமும் இல்லை என்று கணக்கு. விற்கிறவர் அப்படி இருக்கட்டும், அவர் வீடு, அவர் பாடு. நாம் அப்படி இருக்கக் கூடாது. கேட்கத் தெரிந்த கேள்வியை வாங்குகிறவரே கேட்டுக்கொள்வார், அதற்கு எதற்கு நடுவில் ஒரு தரகர்? கேட்கத் தெரியாததைச் சொல்லத்தான் நமக்குத் தரகு. இதைப் பெரிய தர்மமாக நான் சொல்லவில்லை. தண்ணீர் இல்லாத வீட்டை ஒருவர் தலையில் கட்டிவிட்டு அதே ஊரில் குடியிருப்பது சிரமம். டீக்கடைக்குப் போனால் அங்கே நிற்பார். பஸ்சில் ஏறினால் பக்கத்து சீட்டில் இருப்பார். கல்யாணப் பந்தியில் எதிர் இலையில் உட்கார்ந்து, தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு நம்மையே பார்ப்பார்.

போடிமெட்டுக்குப் போகும் சாலையில், மலை ஏறத் தொடங்குவதற்கு முன்னால், உள்ளே ஒதுங்கிய தெரு ஒன்றில் தங்கப்பாண்டியின் வீடு இருந்தது. இப்போதும் இருக்கிறது. நல்ல வீடு. பின்பக்கம் இரண்டு தென்னை, ஒரு கறிவேப்பிலை, துவைக்கிற கல், சிமெண்டுத் தொட்டி. தொட்டிக்கு அந்தப் பக்கம் அண்ணன் முத்துப்பாண்டியின் மாந்தோப்பு. தோப்புக்குள் கிணறு.

நான் முதலில் தனியாகத்தான் போய்ப் பார்த்தேன். முற்றம் முழுக்கக் குடம். எவர்சில்வர் குடம், பித்தளைக் குடம், பிளாஸ்டிக் குடம், நீல டிரம், பெயிண்டு வாளி. பாத்திரக்கடைக்கு வந்துவிட்டோமோ என்று தெருவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். தங்கப்பாண்டியின் மனைவி பேச்சியம்மாள் இடுப்பில் ஒரு குடத்தோடு உள்ளே வந்தார். தெருக்குழாய் சரிவுக்குக் கீழே இருந்தது. அது வரும் நாளில் வரும், வராத நாளில் ஊரே லாரித் தண்ணீருக்கு நிற்கும். அந்தம்மா குடத்தை இறக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். பிறகுதான் என்னை ‘வாங்க’ என்றார்.

தங்கப்பாண்டியிடம் விற்கும் காரணத்தைக் கேட்டேன்.

“மகளத் தேவாரத்துல கட்டிக் குடுத்திருக்கேண்ணே. வயசான காலத்துல அங்கிட்டே போயிரலாம்னு” என்றார்.

“தண்ணி சொமக்க முடியல. அதச் சொல்லுங்க” என்றார் பேச்சியம்மாள்.

பத்திரங்களை வாங்கிக்கொண்டு வந்து படித்தேன். அண்ணன் தம்பிகளுக்கு அப்பா எழுதி வைத்த பாகப் பத்திரத்தில் விவரம் தெளிவாக இருந்தது. தோப்பு மூத்தவருக்கு, வீடு இளையவருக்கு. கிணற்றிலும் மோட்டாரிலும் இருவருக்கும் சரிபாதி. ஆளுக்கு ஒரு நாள் முறை, மோட்டார் ரூமில் இருந்து வீட்டுத் தொட்டி வரை மண்ணுக்கடியில் குழாய்ப் பாதை. இதற்கு மேல் ஒரு வீட்டுக்குத் தண்ணீர் பாத்தியம் எழுத முடியாது. அப்படியிருக்க, இந்தம்மா ஏன் சரிவில் குடம் தூக்குகிறார்?

தங்கப்பாண்டியை டீக்கடைக்குக் கூட்டிப் போய்க் கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். மகள் கல்யாணத்தன்று சமையலுக்குத் தண்ணீர் பத்தவில்லை. அது அண்ணனின் முறை நாள். ஒரு வார்த்தை சொல்லாமல் மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டார். அண்ணனின் மிளகாய் நாற்று அந்த வெயிலில் கருகிப் போயிற்று. அண்ணன் பந்தி நடக்கும்போதே வந்து ஒரு வார்த்தை கேட்டார். சம்பந்தக்காரர்கள் முன்னால் கேட்டுவிட்டாரே என்று தம்பிக்கு மானம் போயிற்று. மோட்டார் ரூம் சாவியை அண்ணன் காலடியில் வீசிவிட்டு, இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று வந்துவிட்டார். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு பிறந்த பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

“அண்ணன் தண்ணிய மறிச்சாரா?” என்றேன்.

“இல்லண்ணே. சாவி அங்கனதான் தொங்குது. நான் கேக்கல.”

“வீட்ல என்ன சொல்லியிருக்கீங்க?”

டீயை ஒரு வாய் குடித்தார். “அண்ணன் மறிச்சுட்டாருன்னு சொல்லியிருக்கேன்.”

அந்தக் குடும்பத்தில் தம்பி பெண்டாட்டி, புருஷனின் அண்ணன் முன்னால் நின்று பேசுவதில்லை. அவர் வரும் பாதையில் விலகி நிற்பார்கள், ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுவரைப் பார்த்தோ மாட்டைப் பார்த்தோ சொல்வார்கள். அதனால் பேச்சியம்மாள் நேரே போய்க் கேட்கவும் வழியில்லை. ஒரு மனிதர் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு இவ்வளவு பத்திரமாக இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“வாங்க வர்றவுகட்ட இந்த வெவரத்தச் சொல்லிருங்க” என்றேன்.

“கேட்டாச் சொல்றேன்” என்றார்.

“கேக்காட்டி நான் சொல்லுவேன்” என்றேன். அவர் டீக்கு அவரே காசு கொடுத்துவிட்டு எழுந்து போனார். கோபம் என்று அர்த்தம்.

வாங்க வந்தவர்கள் சேவியரும் ஜெயராணியும். சேவியர் கடைத்தெருவில் ஏலக்காய் வாங்கி விற்கிறவர். கடைக்கு மேல் மூன்றாவது மாடியில் குடியிருப்பு. குழாய் கீழே. ஜெயராணி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மூன்று மாடி குடம் ஏற்றியவர். தோள்பட்டை தேய்ந்துவிட்டது, இனிமேல் பாரம் தூக்கினால் கை விளங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரே என் வீட்டுக்கு வந்து சொன்னார்.

“அண்ணே, ரூம்பு சின்னதா இருக்கட்டும். பாத்ரூம்பு வெளிய இருக்கட்டும். தெரு மோசமாக்கூட இருக்கட்டும். இனி நான் தண்ணி சொமக்க மாட்டேன். அத மட்டும் பாத்துக்கங்க.”

இவ்வளவு தெளிவாக யாரும் என்னிடம் வீடு கேட்டதில்லை. பெரும்பாலும் கிழக்குப் பார்த்த வாசல் என்பார்கள், பிறகு மேற்குப் பார்த்த வீட்டை வாங்குவார்கள். கிணறும் பாத்தியமும் இருந்ததால்தான் இந்த வீட்டைக் காட்டலாம் என்று நினைத்தேன். வீட்டை நேரில் பார்க்கட்டும், அட்வான்சுக்கு முன்னால் கிணற்று விவரத்தை உடைத்துவிடுவோம், அண்ணனிடமும் போய்ப் பேசிவிடுவோம் என்பது என் திட்டம்.

நாங்கள் போன அன்று வாசலிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. தெரு காய்ந்து கிடந்தது. தங்கப்பாண்டி வீட்டு வாசலில் மட்டும் லாரிச் சக்கரம் புரண்ட ஈரத்தடம் இருந்தது. உள்ளே போனால் முற்றம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. ஒரு குடம் இல்லை, ஒரு டிரம் இல்லை. தங்கப்பாண்டி எங்களைக் கண்டதும் முதல் வேலையாகப் போய்க் குழாயைத் திறந்தார்.

“பாருங்க சார், எப்படி வருது பாருங்க” என்றார்.

தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. தொட்டியில் அப்போதுதான் நிரப்பிய லாரித் தண்ணீரின் வேகத்துக்கு என்ன குறைச்சல். சேவியருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் வியாபாரி, ஏலக்காயை உள்ளங்கையில் கொட்டித் தேய்த்து, மோந்து, கடித்துப் பார்த்துத்தான் வாங்குவார். வீட்டை மட்டும் குழாயைப் பார்த்து வாங்கத் தயாராகிவிட்டார். தங்கப்பாண்டி தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, ராகுகாலம் வருவதற்குள் அட்வான்சைக் கை மாற்றிவிடலாம் என்று பரபரத்தார். பேச்சியம்மாள் கதவோரம் நின்று முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

ஜெயராணி அடுப்படியைப் பார்த்தார், பின்கட்டைப் பார்த்தார், பிறகு, “பக்கத்துல யாரு இருக்காகன்னு பாத்துட்டு வர்றேன்” என்றார்.

“அவ வீட்ல இல்லம்மா. ஊருக்குப் போயிருக்கா” என்றார் பேச்சியம்மாள் அவசரமாக.

பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் சுவருக்கு மேலே கழுத்தை நீட்டி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் போனவர் அவ்வளவு பக்கத்தில் நின்றது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஜெயராணி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சேவியரிடம், “சார், அட்வான்சுக்கு முன்னாடி கெணத்து வெவரம் ஒண்ணு பேசணும்” என்று தொடங்கினேன். தங்கப்பாண்டி என்னைப் பார்த்த பார்வையில் எங்கள் பழக்கம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. அதற்குள் ஜெயராணி திரும்பி வந்துவிட்டார். செருப்பைக் கழற்றினார். நேரே பேச்சியம்மாளிடம் போனார்.

“அக்கா, நீங்க ராசிங்காபுரமா?”

“ஆமா.”

“ஒங்க குடமெல்லாம் பக்கத்து வீட்டுல இருக்குக்கா. மூ. பேச்சியம்மாள், ராசிங்காபுரம்னு பேரு வெட்டியிருக்கு. பொழுது சாயுறதுக்குள்ள வெரசா தூக்கிட்டு வந்துருங்க.”

நம் ஊர்ப் பெண்களுக்குத் தாய்வீட்டில் சீர் கொடுக்கும் பாத்திரங்களில் பேர் வெட்டித்தான் கொடுப்பார்கள். யாரும் மாற்றி எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்பதற்காக. அதைத் தங்கப்பாண்டி மறந்துவிட்டார். லாரிக்குச் சொல்லத் தெரிந்தது, குடங்களை ஒளிக்கத் தெரிந்தது, பெண்டாட்டி வாயால் பஞ்சவர்ணத்தை ஊருக்கு அனுப்பத் தெரிந்தது. குடத்தின் கழுத்தில் பெண்டாட்டி பேரும் மாமனார் ஊரும் இருப்பது தெரியவில்லை. அத்தனை வருஷமும் அந்தக் குடங்களைத் தூக்கியவர் அவர் இல்லையே.

சேவியர் மெதுவாகத் தட்டை நகர்த்தி வைத்தார். அவருக்கு ஏலக்காயில் கல்லைக் கண்ட முகம்.

“தண்ணி இல்லாத வீடுன்னு சொல்லியிருந்தா வந்திருக்கவே மாட்டோமே. எதுக்கு இந்த நாடகம்?” என்றார். என்னையும் சேர்த்துத்தான் கேட்டார்.

அந்த நேரத்தில்தான், தம்பிகளே, நம் தொழிலில் எதைச் சொல்வது என்று முடிவெடுக்க வேண்டும். பேசாமல் எழுந்து வந்திருந்தால் எனக்குச் சேவியரின் கோபம் மட்டும்தான் மிச்சம், அது ஆறிவிடும். ஆனால் தண்ணீர் இல்லாத வீடு என்று அவர் சொன்னதும் உண்மையில்லை. பாத்தியம் உள்ள வீட்டை இல்லாத வீடு என்று அவரைச் சொல்ல விட்டுவிட்டு நான் பேசாமல் இருந்தால் அதுவும் மறைப்பதுதான். எல்லாவற்றையும் சொன்னேன். கிணறு இருக்கிறது, அதில் சரிபாதி இந்த வீட்டுக்கு, மோட்டாரில் பாதி, குழாய்ப் பாதை உண்டு, ஒன்றுவிட்டு ஒரு நாள் முறை, சித்திரை வைகாசியில் நீர் மட்டம் இறங்கும். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை, சாவி அண்ணனிடம் இருக்கிறது, இத்தனை வருஷமாகத் தம்பி போய்க் கேட்கவில்லை. கல்யாணம், நாற்று, சாவி எறிந்தது எதையும் விடவில்லை.

நான் சேவியரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சரிபாதியா?” என்றார் பேச்சியம்மாள்.

“ஆமாத்தா. பத்திரத்துல இருக்கு.”

அவர் புருஷன் பக்கம் திரும்பினார். “பெரியவரு மறிச்சுட்டாருன்னுதான சொன்னீக?”

“சொன்னேன்” என்றார் தங்கப்பாண்டி, சுற்றாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

“போயிக் கேட்டீகளா?”

“கேக்கல.”

“ஒரு தடவ கூடவா?”

பேச்சியம்மாள் அழவில்லை, சத்தம் போடவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்த இடத்தை விட்டுப் போய்விட வேண்டும் போலிருந்தது. அடுத்தவர் வீட்டுக்குள் போய் இப்படி ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டோமே என்று பட்டது.

ஜெயராணிதான் முதலில் எழுந்தார். “வாங்கண்ணே, அந்தப் பெரியவரையே கேட்டுருவோம். வாங்குறவுகளுக்குத் தண்ணி உண்டா இல்லையான்னு அவரு வாயால சொல்லட்டும்” என்றார். குடத்தைப் பார்த்த பிறகும் அந்த வீடு அவர் மனத்தை விட்டுப் போகவில்லை. அவரும் நானும் தோப்புக்குள் போனோம்.

முத்துப்பாண்டி மாங்காய் லோடு ஏற்றிவிட்டு, இலவ மரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். எதிரே மோட்டார் ரூம். கதவுக்குப் பக்கத்தில் ஆணி, ஆணியில் சாவி.

“என்ன தரகரே, தம்பி வீட்டுக்கு ஆளு வந்திருக்காமே” என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் ஜெயராணியை ஒரு தடவை பார்த்தார்.

“எங்கப்பன் பாதின்னு எழுதி வச்சிருக்காரு. அத நான் எப்படி இல்லேம்பேன்? எவரு வாங்குனாலும் பாதி உண்டு. எம் மொறையில கை வைக்கக் கூடாது, அம்புட்டுத்தேன்.”

“அப்ப தம்பிக்கு?” என்றேன்.

“அவனுக்கு எப்ப இல்லேன்னேன்? இந்தா தொங்குது சாவி. வந்து கேட்டாக் குடுக்கப் போறேன். வரல. ஒலகத்துலயே அவன் ஒருத்தன்தான் ரோசக்காரன்.”

பின்னால் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. பேச்சியம்மாள் வந்து நின்றார். நாங்கள் கிளம்பியதும் பின்னாலேயே வந்திருக்கிறார். வழக்கப்படி மரத்துக்கு அந்தப் பக்கம்தான் முதலில் நின்றார். பிறகு சுற்றிக்கொண்டு கட்டிலுக்கு நேர் எதிரே வந்தார். சுவரைப் பார்க்கவில்லை, மாட்டைப் பார்க்கவில்லை. முத்துப்பாண்டியை நேருக்கு நேர் பார்த்தார்.

“சாவியக் குடுங்க” என்றார்.

முத்துப்பாண்டி எழுந்துவிட்டார். ஊர்க் கூட்டத்தில் கூட யாருக்கும் எழுந்திருக்காத ஆள். போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்து, கையில் கொடுக்காமல் கட்டிலில் வைத்தார். பேச்சியம்மாள் எடுத்துக்கொண்டார்.

“வால்வு துருப்பிடிச்சிருக்கும். எண்ணெ விட்டுத் திருகணும்” என்றார் முத்துப்பாண்டி. பிறகு குரல் இறங்கிச் சொன்னார். “நீ தெருக்குழாயில நிக்கிறதப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் ஆத்தா. மனசு கெடந்து அடிச்சுக்கிரும். அவன் வந்து கேக்கட்டும்னு இருந்துட்டேன்.”

“நல்லாப் பாத்தீக” என்றார் பேச்சியம்மாள்.

அந்தம்மா சாவி போட்டுக் கதவைத் திறந்ததும், முத்துப்பாண்டி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மோட்டார் ரூமுக்குள் போனார். வால்வைத் திறக்க அவரும் நானும் மாறி மாறித் திருகினோம். என் முழங்காலுக்கு அன்றைக்கே அது பிடிக்கவில்லை.

மோட்டாரைப் போட்டுவிட்டு வீட்டுத் தொட்டிக்கு வந்து நின்றோம். முதலில் காற்று வந்தது. பிறகு செம்பழுப்பாகத் துரு வந்தது. பிறகு ஏதோ ஒரு பூச்சி, அதற்கே இத்தனை வருஷம் கழித்து வெளிச்சத்தைக் கண்டது பிடிக்கவில்லை போலிருந்தது. அதன் பிறகு தண்ணீர் வந்தது. குழாய் வாய் கொள்ளாமல் வந்து தொட்டியில் விழுந்தது. பேச்சியம்மாள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அதையே பார்த்தார். கையை நீட்டி நனைத்துக்கொண்டார். நனைந்த கையாலேயே முகத்தைத் துடைத்ததால் அழுதாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

தங்கப்பாண்டி மெல்ல வந்து, “பாத்தீகளா, தண்ணி இருக்குல்ல” என்று சேவியரிடம் சொன்னார். அவருக்கு அப்போதும் வியாபாரம் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை இருந்தது. சேவியரும் கோபம் இறங்கி, தட்டு எங்கே என்று தேடுவதுபோல் பார்த்தார்.

“வீட்ட விக்கல” என்றார் பேச்சியம்மாள்.

“என்ன பேச்சி, ஆளு வந்து உக்காந்திருக்காக...”

“தண்ணியில்லாமத்தான விக்க நெனச்சோம். இப்ப எதுக்கு விக்கணும்? தேவாரத்துக்கு நீங்க வேணாப் போங்க. இன்னைக்கு நம்ம மொறையா, பெரியவரு மொறையா? அத மொதல்ல கேட்டுட்டு வாங்க.”

அவர் எழுந்து பஞ்சவர்ணம் வீட்டுக்குப் போனார். குடங்களை இரண்டிரண்டாகத் தூக்கி வந்து முற்றத்தில் கவிழ்த்தார். காலிக் குடம்தான் என்று சொல்லி, தோள்பட்டை தேய்ந்த ஜெயராணியும் போய் ஒன்றை எடுத்து வந்தார். கவிழ்த்து வைத்துவிட்டு, நேராக நின்று சொன்னார்.

“எனக்கு வயித்தெரிச்சலா இருக்குக்கா. பொய் சொல்ல மாட்டேன். நான் வந்து குடத்தப் பாத்திருக்காட்டி, இந்தத் தண்ணி எனக்கு வந்திருக்கும்.”

“ஆமா” என்றார் பேச்சியம்மாள்.

“ஆனா ஒங்க எடத்துல நான் இருந்தாலும் விக்க மாட்டேன்.”

பேச்சியம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சேவியர் என்னைப் பார்த்தார். நான் தென்னையைப் பார்த்தேன். தரகர்கள் இரண்டு தரப்பையும் சேர்த்து வைக்கிறார்கள் என்பார்கள். வாங்குகிறவரையும் விற்கிறவரையும் நான் சேர்த்து வைத்ததில், வியாபாரம் ஒன்றும் நடக்காமல் போனது அந்த ஒரு தடவைதான்.

காரில் திரும்பினோம். ஊருக்குள் வந்ததும் ஜெயராணி சொன்னார். “வேற வீடு பாருங்கண்ணே. இனிமே மொதல்ல நீங்க போயி பக்கத்து வீட்டப் பாத்துட்டு வாங்க. அப்பறம் நாங்க வர்றோம்.”

அதிலிருந்து அப்படித்தான் செய்தேன். நீங்களும் செய்யுங்கள். கோடையில் போங்கள், சொல்லாமல் போங்கள், குடத்தை எண்ணுங்கள். கிணற்றுப் பங்கு, மோட்டார் பங்கு, குழாய் வரும் பாதை, முறை நாள் நான்கும் பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சாவி எந்த ஆணியில் தொங்குகிறது, அதைக் கடைசியாக எடுத்தவர் யார் என்றும் கேளுங்கள், அது எந்தப் பத்திரத்திலும் இருக்காது. தெரிந்ததை எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது சத்தமாகச் சொல்லுங்கள். வாங்குகிறவருக்கு மட்டும்தான் தெரியாது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அதே வீட்டில் சமைத்துப் போடுகிறவருக்கே தெரியாமல் இருக்கலாம். சொன்னால் வியாபாரம் போகுமே என்று நீங்கள் கேட்பீர்கள். போகும். எனக்குப் போயிற்று. அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை, மறுநாள் இறங்கியது.

தங்கப்பாண்டியும் முத்துப்பாண்டியும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. முறை நாளில் பேச்சியம்மாள் தோப்புக்குப் போவார், முத்துப்பாண்டி சாவியைக் கட்டிலில் வைப்பார், அந்தம்மா எடுத்து வருவார். தண்ணீர் வருவதற்கு அதுவே போதுமாக இருக்கிறது.

ஜெயராணிக்கு மழைக்காலம் முடிவதற்குள் கீழ்வீடு ஒன்று அமைந்தது. சொந்த போர்வெல், பக்கத்து வீட்டில் ஒரே ஒரு குடம், அதுவும் பூச்செடி வைத்த உடைந்த குடம். விற்றவர் குழாய்ப் பக்கமே போகவில்லை, அதிலேயே எனக்குப் பாதி நிம்மதி. புதுவீட்டு ஜெபத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஃபாதர் வந்து மந்திரித்து முடித்த நேரத்தில், பேச்சியம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே ஒரு பித்தளைக் குடம், கழுத்து வரை கிணற்றுத் தண்ணீர், வாயில் துணியால் வேடு கட்டியிருந்தது. புது வீட்டுக்கு வெறுங்கையோடு வரக் கூடாதில்லையா.

“ஏங்க்கா இதத் தூக்கிட்டு வந்தீக, இடுப்பு என்னத்துக்காகும்?” என்று ஜெயராணி ஓடி வந்தார்.

“ஆட்டோக்காரன் தூக்கியாந்தான். எனக்கு இப்பக் கொடத்துக்குச் சோலியில்ல. நீ வச்சுக்க” என்றார் பேச்சியம்மாள். குடத்தின் கழுத்தை முந்தானையால் துடைத்து, வெட்டிய பேர் வெளியே தெரியும்படி திருப்பி வைத்தார். “ஒரு நா நீ இந்த வீட்ட விக்க நெனச்சின்னா, இத மட்டும் பக்கத்து வீட்டுல கொண்டு போயி வச்சுறாத. காட்டிக் குடுத்துரும்.”